நோரீன் புறப்பட்ட பெரிய வியாழன்

தண்ணீர் இல்லாமல் கடல் எங்கள் தெருவுக்குள் ஏறி வந்த முதல் நாள், நான் வாசலில் உட்கார்ந்து ஊளி மீனுக்குச் செதிள் எடுத்துக்கொண்டிருந்தேன், எதிர்வீட்டு டெல்ஃபின் அக்கா சட்டி கழுவிய தண்ணீரை வழக்கம்போல் தெருவில் ஊற்றிக்கொண்டிருந்தாள், தெருக்கோடியில் ஏழு வருஷமாக மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த என் புருஷனுடைய மோட்டார் யாட், யாரும் தொடாமல், யாரையும் கேட்காமல், வேலை முடிந்து எழுந்திருக்கிற பொம்பளை மாதிரி ஒரு முனகலோடு கட்டைகளை விட்டு எழும்பி, ஒரு முழ உயரத்தில் அந்தரத்தில் நின்று, மெதுவாக ஆடத் தொடங்கியது.

டெல்ஃபின் அக்கா சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். “ஏளா ஹில்டா, ஓம் வீட்டுக்காரர் படகு மெதக்குது.”

“மெதக்கட்டும்க்கா. படகுதான?” என்றேன். மீனை வெயிலில் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க எனக்கு நேரமில்லை.

எங்கள் தெரு தூத்துக்குடியில் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே நுழைந்து, பத்துப் பன்னிரண்டு வீட்டோடு அலுத்துப்போய் நின்றுவிடுகிற முட்டுச்சந்து. என் புருஷன் பெர்க்மான்ஸ் கொரைரா கப்பலில் சீஃப் இன்ஜினியராக இருந்தவர். முப்பது வருஷம் இந்தியப் பெருங்கடலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்தவர்தான், ஆனால் கடந்ததெல்லாம் கப்பலின் அடிவயிற்றில், காதில் அடைப்பானும் கையில் கிரீஸுமாக, இயந்திரங்களுக்கு நடுவில் நின்றபடி. மொரீஷியஸ் என்றால் அவருக்கு ஒரு பம்ப் மக்கர் பண்ணிய இடம், மொம்பாசா என்றால் ஒரு வால்வு மாற்றிய இடம். கடலைக் கேட்டிருக்கிறார், முகர்ந்திருக்கிறார், அதன் உப்பு அரித்ததையெல்லாம் சுரண்டியிருக்கிறார், நின்று பார்த்தது மட்டும் இல்லை. அதனால் ரிட்டயர் ஆன மறுமாசமே, கொச்சியில் ஒரு ஹோட்டல்காரர் விருந்தாளிகளை உலாக் கூட்டிப்போக வாங்கி வைத்து அலுத்துப்போன அந்த யாட்டை வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, எங்கள் வீட்டுப் பக்கச்சுவரை ஒட்டி இறக்கி, அதன் நெற்றியில் நீல எழுத்தில் ‘நோரீன்’ என்று மகளின் பெயரை எழுதினார். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவு, மாலத்தீவிலிருந்து சீஷெல்ஸ். மேல்தட்டில் நின்றுகொண்டு, கண்ணால் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அவ்வளவுதான் ஆசை. குடிக்காத, சீட்டாடாத மனுஷனுக்கு ஏதாவது ஒன்று வேண்டாமா?

அந்த ஒன்று வந்து என் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டது. மேசை முழுக்கக் கடல் வரைபடம், காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் என் ஊறுகாய் பாட்டில்கள். ஏழு வருஷமாக நாங்கள் சாப்பிடுவது சமையல் மேடையில், நின்றுகொண்டு. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் டீசல் செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். டாங்கில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கை உயிர் போனாலும் தொடக்கூடாது, அது எதிர்க்காற்றுக்கும் எதிர்பாராததுக்கும். வாடைக்காற்று ஓய்ந்து தென்மேற்குக் காற்று எழும்புவதற்கு முன்னால் இருக்கிற சின்ன இடைவெளிக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ராப்பகலாக ஒரு ஆள் சக்கரத்தடியில் விழித்திருக்க வேண்டும், அதனால் மூன்று பேராவது வேண்டும், ஒருவர் காவல் இருக்கையில் இரண்டு பேர் தூங்கலாம். கேஸ் சிலிண்டரைத் தட்டிப் பார்த்தே இன்னும் எத்தனை நாள் வரும் என்று சொல்கிறவளுக்கு இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? மேசை துடைக்கிற சாக்கில் எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டேன். பவளத்திட்டு எங்கே, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், எந்தத் தீவில் நல்ல தண்ணீர் கிடைக்கும், எல்லாம் எனக்கு மனப்பாடம். என்னிடம் ஒருத்தரும் கேட்கவில்லை என்பதுதான் குறை.

அந்த மூன்று பேர் யார் என்றால், ஒன்று அவர், இரண்டாவது தண்டல் சிலுவை, மூன்றாவது என் சித்தி மகன் ரோலண்ட். சிலுவை தோணித் தலைவனாக இருந்து, இங்கிருந்து மாலத்தீவின் மாலிக்குக் காய்கறியும் கருங்கல்லும் ஏற்றிக்கொண்டு போய் வந்தவர்; இவருக்குச் சின்ன வயதுக் கூட்டாளி, எனக்கு மரியாதையாக மதினி போட்டுப் பேசுகிறவர். ரோலண்ட் ஒரு காலத்தில் கப்பலில் ரேடியோ ஆபீஸர், இப்போது கிளப்பில் வாய்ச்சொல் ஆபீஸர். ஆக மூன்று பேர். அரிசி, பருப்பு, புளி, மாசிக் கருவாடு, எலுமிச்சை ஊறுகாய், மக்ரூன் டப்பா எல்லாம் மூன்று பேருக்குக் கட்டிக் கொடுக்க வேண்டியது மட்டும் என் பொறுப்பு. முப்பது வருஷம் துறைமுக வாசலில் நின்று கையசைத்தவள், முப்பத்தோராவது வருஷமும் அசைப்பாள், கைக்கென்ன சுளுக்கா பிடித்துவிடும் என்று நினைத்தார் போல.

நேரடியாக ஒருமுறை கேட்டும் விட்டேன். “ஏன், மூணாவது ஆளா நான் வரக்கூடாதா?”

வரைபடத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “உனக்குத்தான் கடல் ஒத்துக்காதே, ஹில்டா.”

ஏன் ஒத்துக்கொள்ளாதாம்? ஜனவரியில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. பிப்ரவரிக் கடைசியில் அவர் ஆட்கள் எல்லோரும் வள்ளத்தில் முயல் தீவுக்குப் பிக்னிக் போனோம். போகிற வழியெல்லாம் நான் வாந்தி எடுத்தேன். மறுவாரம் அவர் கப்பலேறிப் போய்விட்டார், போகும்போது ‘ஹில்டாவுக்குக் கடல் ஆகாது’ என்ற முடிவையும் கூடவே எடுத்துக்கொண்டு போய், இத்தனை வருஷமும் அதை எண்ணெய் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். அந்த வாந்திக்குப் பெயர் நோரீன். இப்போது மெல்போர்னில் பல் டாக்டர். ஆயிரக்கணக்கில் குதிரைசக்தி கொண்ட இயந்திரத்துக்கெல்லாம் கணக்குப் போடுகிற மனுஷன், விரல் விட்டு எண்ணுகிற இந்தச் சின்னக் கணக்கை எப்போது போடுவார் என்று நானும் வீம்பாகக் காத்திருந்தேன். அவர் போடவில்லை. நானும் சொல்லவில்லை.

சரி, படகுதான் தயாராகிவிட்டதே, ஏன் ஏழு வருஷம் தெருவில் நின்றது என்று கேட்பீர்கள். கெபியால் நின்றது. எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு கெபி உண்டு, மாதாவுக்கோ அந்தோனியாருக்கோ கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டிய சின்னக் குகை. எங்கள் தெருவுக்கு மட்டும் இல்லை என்று எல்லோருக்கும் மனத்தாங்கல். கமிட்டி போட்டார்கள். கமிட்டித் தலைவர் பெர்க்மான்ஸ். முதல் சிமெண்ட் மூட்டையைத் தூக்கி வைத்தவரும் அவர், தெருமுனையில் இடம் பார்த்து நூல் பிடித்தவரும் அவர். ஆட்டோ போக வழி விட்டார், பாடை போக வழி விட்டார், சப்பரம் போகக்கூட வழி விட்டார். கெபியை அடிக்கணக்கில் அளந்தார், படகை மீட்டர்கணக்கில் அளந்தார், இரண்டும் அவரே அளந்த அளவுதான், பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருநாளும் பார்க்கவில்லை. பிஷப் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்து, மெழுகுதிரி ஏற்றி, மாதா சுரூபத்தை உள்ளே வைத்து, ஆளுக்கொரு லட்டு கொடுத்து முடித்த பிறகுதான், லட்டை வாயில் வைத்தபடி தெருவைத் திரும்பிப் பார்த்து, அப்படியே நின்றார். படகு கெபியைத் தாண்டி வெளியே போக வழியே இல்லை. மந்திரித்த கெபியை இடிக்க யார் கை வைப்பார்கள்? ரோலண்ட் மட்டும் இடித்துவிட்டுத் திரும்பக் கட்டலாமே என்றான். டெல்ஃபின் அக்கா அவனைப் பார்த்த பார்வையில் மீதி லட்டைக் கீழே போட்டுவிட்டான்.

இப்படி இருந்த தெருவுக்குள்தான், தவக்காலம் தொடங்கிய வாரம், அந்த ஏற்றம் வந்தது. கடலில் தண்ணீர் ஏறுகிற நேரத்துக்கு எங்கள் தெருவில் தண்ணீரில்லாத ஏற்றம், கடலில் வற்றுகிற நேரத்துக்கு இங்கேயும் வற்றம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை, பால்காரர் மாதிரி ஒழுங்காக. கடலில் இரண்டு அடி ஏறினால் இங்கே ஆளுயரம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கணுக்காலில் குளிர்ச்சியாக ஏதோ உரசும், மிதக்கப் பிறந்ததெல்லாம் மிதக்கும், போன பிறகு சுவரில் மெல்லிய உப்புக்கோடு நிற்கும். மனுஷர் மிதக்கவில்லை, அவரவர் பாவம் அவரவரைத் தரையில் பிடித்து வைத்திருந்தது என்று நினைக்கிறேன்.

மூன்றே நாளில் தெரு அதற்குப் பழகிக்கொண்டது. மரக்கட்டில் வைத்திருந்தவர்கள் இரும்புக் கட்டிலுக்கு மாறினார்கள், காலிக் குடங்களைக் கொடியில் கட்டிப் போட்டார்கள், செருப்பை வாசலில் விடுகிற பழக்கம் ஒழிந்தது, மீன்காரி செல்வராணி தெர்மோகோல் பெட்டியைத் தலையில் சுமப்பதை விட்டுவிட்டு ஒற்றை விரலால் தள்ளிக்கொண்டே வந்து, கூலி மிச்சமான கணக்கில் விலையைக் குறைக்காமல் கூட்டினாள், குப்பையெல்லாம் வற்றத்தோடு தானாகவே தெருமுனைக்குப் போய்ச் சேர்ந்ததால் கார்ப்பரேஷன் ஆட்கள் எங்கள் தெருவைப் புகழ்ந்து பேசத் தொடங்கினார்கள், மின்வாரியத்து லைன்மேன் வந்து நின்று படகின் கூரையையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஏத்த நேரத்துல கரண்ட ஆஃப் பண்ணிட்டுக் கம்பியக் கழத்தி வச்சிருதேன், மாவாட்ட வேண்டியவங்க முன்னாலயே ஆட்டிக்கிடுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு யாரும் எங்கள் தெருவில் பத்து மணி, பதினோரு மணி என்று பேசவில்லை. ஏத்தத்துக்கு முன்னே, வத்தத்துக்குப் பின்னே என்றுதான் பேச்சு.

டெல்ஃபின் அக்கா மட்டும் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் வாசற்படியில் வந்து நிற்பாள். அவள் புருஷன் விசைப்படகில் போய்த் திரும்பாமல் போனவர். அன்றிலிருந்து அவள் படகில் கால் வைத்ததில்லை, கடற்கரைப் பக்கம் தலை வைத்ததில்லை. கடல்தான் இப்போது அவள் வாசலுக்கு வந்திருந்தது. வற்றம் முடிந்ததும் படியைக் குனிந்து பார்ப்பாள், உப்பைத் தொட்டு நாக்கில் வைப்பாள், உள்ளே போய்விடுவாள். ஒருநாள் கேட்டேன், என்னக்கா என்று. “வெறுங்கையோடதான் வருது, ஹில்டா,” என்றாள். “தண்ணியையே கொண்டாராதது ஆளையா கொண்டாரும்?” நான் அவள் வீட்டுக்குள் போய் அடுப்பில் கருகிக்கொண்டிருந்த குழம்பை இறக்கி வைத்தேன். வேறென்ன செய்வது?

பெர்க்மான்ஸ் கரித்துண்டை எடுத்துக்கொண்டு பக்கச்சுவரில் ஏற்றத்தின் உயரத்தைத் தினமும் கோடு போட்டார். பௌர்ணமிக்கு ஏறும், அமாவாசைக்கு ஏறும், இடையில் இறங்கும். ஈஸ்டருக்கு முந்திய பௌர்ணமிக்கு வருகிற ஏற்றம்தான் வருஷத்திலேயே பெரிசு. அன்று படகின் அடி, கெபி மாதாவின் கிரீடத்துக்கு மேலே போய்விடும் என்று கணக்கு வந்தது. பௌர்ணமி புதன்கிழமை. உச்ச ஏற்றம் மறுநாள், பெரிய வியாழன், மத்தியானம். வெள்ளிக்கிழமை ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட பெரிய வெள்ளி, அன்று எங்கள் ஆட்கள் யாரும் கடலுக்குப் புறப்படுவதில்லை. சனிக்கிழமை ஏற்றம் இறங்கிவிடும். அடுத்த பெரிய பௌர்ணமி வரும்போது தென்மேற்குக் காற்று வாசலில் நிற்கும். ஆக, ஒரே ஒரு மத்தியானம். அதை விட்டால் நோரீன் அந்தத் தெருவிலேயே நரைத்துப்போவாள், அவரும்தான்.

அன்பியக் கூட்டத்தில் விஷயம் வெடித்தது. அன்பியம் என்றால் எங்கள் தெருப் பெண்கள் வாராவாரம் கூடி, பைபிள் கொஞ்சமும் அடுத்தவர் வீட்டுக் கதை மிச்சமுமாகப் பகிர்ந்துகொள்கிற கூட்டம். படகு மிதப்பதைப் பற்றி ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. மாதாவின் தலைக்கு மேலே ஆம்பிளைகள் செருப்புக்காலோடு போவதா என்பதுதான் கேள்வி. பங்குச் சாமியார் ஃபாதர் ஸ்டார்வினைக் கூப்பிட்டார்கள். சின்ன வயசு, நல்ல பிள்ளை, யார் மனமும் நோகக்கூடாது என்று பார்க்கிறவர்.

“மாதா கடலின் விண்மீன் அல்லவா? படகுகளை அடியிலிருந்து பார்த்துப் பார்த்துப் பழகியிருப்பாள்,” என்றார்.

“விண்மீன் மேலேருந்துதான் பார்க்கும், ஃபாதர்,” என்றேன்.

அவர் காது சிவந்துபோயிற்று. கடைசியில் டெல்ஃபின் அக்காதான் வழி சொன்னாள். தவக்காலக் கடைசியில் சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணி போட்டு மூடிவிடுவோம் இல்லையா, ஈஸ்டர் பூசைக்குத்தானே திறப்பது? “மாதா முக்காடு போட்டிருக்கும்போதே போயிரட்டும். செருப்பக் கழத்திட்டுப் போகணும். வாயில நல்ல வார்த்தை இருக்கணும்.” எல்லோரும் சரி என்றார்கள். ஃபாதர்தான் எல்லோரையும் விட அதிகமாகச் சரி என்றார்.

இனி மூன்றாவது ஆள் கதை. பெர்க்மான்ஸ் ஏற்ற நேரத்தில் தெருவில் மிதக்கிற படகிலேயே ஒத்திகை வைத்தார்: சக்கரத்தடியில் காவல், ரேடியோவில் பேச்சு, இன்ஜின் அறையில் சோதனை. சாப்பாடு ஏணி வழியாக நான்தான் கொண்டுபோனேன். ஏணி ஆடும், படகு ஆடும், தூக்குச் சட்டியில் ரசம் தளும்பும். கான்வென்ட்டில் சிஸ்டர் பெனிஞ்ஞா எங்கள் தலையில் அகராதியை வைத்து வராந்தாவில் மேலும் கீழும் நடக்க விடுவார், விழுந்தால் மறுபடியும் முதலிலிருந்து. அந்த நடை எனக்கு இன்னும் போகவில்லை. ரசம் ஒரு சொட்டு சிந்தாமல் மேலே போய், பரிமாறி, காலிச் சட்டியோடு இறங்கி வருவேன். சிலுவை ஒருநாள் என்னைப் பார்த்தார், பிறகு பெர்க்மான்ஸைப் பார்த்தார், பிறகு ரசத்தைக் குடித்தார்.

ரோலண்ட் ஒத்திகையின் முதல் நாளே படகின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவில் வாந்தி எடுத்தான். பேரலை இல்லை, புயல் இல்லை, கீழே செல்வராணி சாளை விற்றுக்கொண்டிருக்கிறாள். இரண்டாவது நாளும் எடுத்தான். குருத்து ஞாயிறு அன்று, கையில் குருத்தோலையோடு வீட்டுக்கு வந்து, “அக்கா, அத்தானிடம் சொல்லிடுங்க, எனக்குக் கிளப்பில் எலெக்‌ஷன் வருது,” என்று சொல்லிவிட்டு ஓடியே போனான்.

பெரிய வாரம் முழுக்க பெர்க்மான்ஸ் மூன்றாவது ஆளைத் தேடினார். பழைய கூட்டாளிகளுக்குப் போன் போட்டார், ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவருக்குப் பேத்தி கல்யாணம். லைன்மேனைக் கேட்டார். கேஸ் போட வந்த ஆளைக்கூட ஒரு மாதிரி ஏற இறங்கப் பார்த்தார். வீட்டுக்குள் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தவளை மட்டும் பார்க்கவில்லை.

“ரெண்டு பேராப் போயிருவோம், சிலுவை,” என்றார் புதன்கிழமை.

“மாலி வரைக்கும் நான் கண்ண மூடிக்கிட்டுக் கொண்டுபோவேன், அண்ணே. அதுக்கு அப்பால ராத்திரியும் பகலும் வெறுங்கடலு. ரெண்டு பேரும் அசந்தோம்னா, நம்மள முழுங்கினது எந்தக் கப்பல்னுகூடத் தெரியாது. மூணாவது கண்ணு வேணும்.”

“கிடைச்சா வேண்டாம்னா சொல்றேன்?”

சிலுவை என் பக்கம் திரும்பி, “மதினி, இன்னும் கொஞ்சம் மோர்,” என்றார். ஊற்றினேன். ஆடுகிற ஏணியில் ரசம் சிந்தாதவள் தரையில் நின்று மோரைச் சிந்தினேன். கோபத்திலா, பயத்திலா, எனக்கே தெரியவில்லை. இரண்டு பேராகப் போய் இந்த மனுஷன் திரும்பி வராமல் போனால், நானும் நாளைக்கு வாசற்படியில் உப்பைத் தொட்டு நக்கிக்கொண்டு நிற்பேன். போகாமல் இருந்தால், சாப்பாட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தே அவர் செத்துப்போவார். இரண்டில் எதுவும் எனக்கு வேண்டாம்.

பெரிய வியாழன் மத்தியானம், கோவில் மணி அடித்து ஓய்கிற நேரத்தில் நோரீன் எழும்பினாள். சுவரில் இருந்த கரிக்கோடுகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, எங்கள் ஜன்னலைத் தாண்டி, கொடிக்கம்பியைத் தாண்டி எழும்பினாள். வேலைக்குப் போயிருந்த ஆம்பிளைகள் போக, மிச்சமிருந்த பெண்களும் பிள்ளைகளும் இரண்டு பக்கச் சுவரையும் ஒட்டி நின்றார்கள். சிலுவை நீளக் கழியால் சுவரை உந்தினார். மேலே பெர்க்மான்ஸ் வெறுங்காலோடு சக்கரத்தைப் பிடித்திருந்தார். படகின் முகப்பு கெபியை நெருங்கியது, ஊதாத் துணிக்குள் நின்ற மாதாவின் தலைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு நுழைந்தது, பாதிப் படகு சாலைக்கு மேலே வந்தது, எல்லோரும் மூச்சை விட்ட அந்த நேரத்தில் நின்றுவிட்டது. பின்பக்கம் தாழ்ந்திருந்தது. சீஷெல்ஸ் வரைக்கும் போக வேண்டிய டீசல் முழுவதும் பின்பக்க டாங்கில். கிரீடத்துக்கு மேலே வர இன்னும் நாலு விரல் வேண்டும்.

“ஏத்தம் இவ்வளவுதான், அண்ணே,” என்று கத்தினார் சிலுவை. “இனி வத்தம்தான்!”

பெர்க்மான்ஸ் டீசலைத் திறந்துவிடுவதா என்று கேட்டார். திறந்தால் போகிற வழியில் நிற்க வேண்டியதுதான். அவர் முகத்தை நான் கீழேயிருந்து பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்தைக் கப்பலேறும்போதுதான் அதிகம் பார்த்திருக்கிறேன், அப்போதெல்லாம் அதில் அவசரம் இருக்கும். இன்று, பிடித்த கையை யாரோ விடுவித்த பிள்ளையின் முகமாக இருந்தது.

“முன்னால கனம் போட்டா பின்னால எழும்பும்,” என்றார் சிலுவை. “மூட்டை ஏத்த நேரமில்ல.”

கனமா? நான் திரும்பி எங்கள் அன்பியத்தைப் பார்த்தேன். உடம்பைக் குறைக்கச் சொல்லி இத்தனை வருஷமாக டாக்டர்கள் எங்களைத் திட்டியதற்கெல்லாம் அன்றைக்கு ஒரு அர்த்தம் வந்தது.

“செருப்பக் கழத்திட்டு ஏறுங்கடி!” என்றேன். சிஸ்டர் பெனிஞ்ஞாவின் குரல் என் தொண்டையிலிருந்து வந்தது. யாரும் அசையவில்லை. அப்போது டெல்ஃபின் அக்கா சேலையை இழுத்துச் செருகினாள். படகில் கால் வைக்காதவள், கடற்கரையில் தலை வைக்காதவள், சாலைப்பக்கம் தொங்கிய ஏணியைப் பிடித்து, “மரியே வாழ்க” என்று தொடங்கி, ஒவ்வொரு படிக்கும் ஒரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே ஏறினாள். பிறகு எல்லோரும் ஏறினார்கள். செல்வராணி மீன் வாடையோடு ஏறினாள். கடைசியாக நான் ஏறினேன், தோளில் என் கைப்பை.

படகின் முகப்பில் நெருக்கியடித்து நின்று நாங்கள் செபமாலை சொல்லச் சொல்ல, முன்பக்கம் தாழ்ந்தது, பின்பக்கம் எழும்பியது, நாலு விரல், ஐந்து விரல், ஒரு கை. வற்றத்தின் முதல் இழுப்பு அடியில் வந்து பிடித்தது. நோரீன் நகர்ந்தாள். மாதாவின் ஊதாத் துணியில் ஒரு நூல் கலையவில்லை. காற்றுப் பட்டு லேசாக ஆடியது மட்டும்தான். அதைத் தலையாட்டியதாக டெல்ஃபின் அக்கா இன்றைக்கும் சொல்கிறாள், நான் மறுக்கப் போவதில்லை.

கடற்கரைச் சாலையைக் குறுக்கே தாண்டி, நின்றுபோன பஸ்ஸின் ஆட்கள் கைகூப்ப, மீன்பிடித் துறைமுகத்தில் தண்ணீர் இல்லாத கடல் தண்ணீர் உள்ள கடலோடு சேர்கிற இடத்தில் படகு ஒரு சின்னக் குலுக்கலோடு நிஜத் தண்ணீரில் இறங்கியது. கீழே கஸ்டம்ஸ் ஆபீஸர் முத்திரையோடு காத்திருந்தார். பெண்கள் ஒவ்வொருத்தியாகப் படித்துறையில் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை.

“ஹில்டா, நேரமாகுது. இறங்கு.”

“மூணாவது காவல் யாரு?”

“விளையாடாதே. உனக்குக் கடல் ஆகாது. முயல் தீவு மறந்துபோச்சா?”

“மறக்கல. நீங்கதான் இன்னும் கணக்குப் போடல.” படித்துறையில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். “நமக்குக் கல்யாணம் எப்போ?”

“ஜனவரி.”

“பிக்னிக்?”

“பிப்ரவரி… கடைசி.”

“நோரீன் பொறந்தது?”

அவர் வாயைத் திறந்தார். அக்டோபர் என்று சொல்ல வந்தவர் பாதியில் நின்று, வலது கை விரல்களை மடக்கத் தொடங்கினார். கீழே எங்கள் அன்பியம் முழுவதும் செபமாலை மணிகளை உருட்டி எண்ணியது. கஸ்டம்ஸ் ஆபீஸர்கூட உதடு அசைய எண்ணினார். தெருவே எண்ணி முடித்த பிறகும் அவர் எண்ணிக்கொண்டிருந்தார், இரண்டு தடவை சரிபார்த்தார். பிறகு நெற்றியில் நீல எழுத்தில் மகள் பெயர் எழுதிய அந்தப் படகைக் குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, கப்பலுக்கு நேரமாகிறது என்ற அவசரம் இல்லாமல் பார்த்தார்.

“ஏன் சொல்லல?” என்றார்.

“கேட்டாத்தான?”

ஏணிப்படியில் நின்ற டெல்ஃபின் அக்கா, “அவ மாத்திரையெல்லாம் எடுத்துக்கிட்டாளான்னு மட்டும் கேளும், தம்பி,” என்றாள்.

எடுத்து வைத்திருந்தேன். பிரஷர் மாத்திரை, தைராய்டு மாத்திரை, மூன்று மாசத்துக்கு, சீனி டப்பாவுக்குப் பின்னால், பொருள் கட்டத் தொடங்கிய முதல் நாளே. மெல்போர்ன் போய் வந்த பாஸ்போர்ட் கைப்பையில் இருந்தது. சிலுவை கழியைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் துடைக்கிற சாக்கில் சிரித்தார்.

பெரிய வெள்ளிக்குக் கடலில் இருக்கலாமா என்று ஒருத்தி கீழேயிருந்து கேட்டாள். “புறப்படக் கூடாதுன்னுதான் இருக்கு, தாயி,” என்றார் சிலுவை. “போய்க்கிட்டு இருக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா?”

எங்கள் தெருவில் ஏற்றம் இன்னமும் வருகிறதாம். பிறகு ஒருநாள் டெல்ஃபின் அக்கா போனில் சொன்னாள். தூக்கி விட வேண்டிய பெரிய சாமான் ஒன்றும் இல்லாததால் குடங்களையும் செருப்புகளையும் தூக்கிக்கொண்டு வீட்டுப் பிள்ளை மாதிரி சுற்றுகிறதாம். அவள் இப்போதெல்லாம் சாயங்காலம் கடற்கரைக்கு நடக்கப் போகிறாளாம், டாக்டர் சொன்னாராம். டாக்டர் சொல்லி அவள் எதைக் கேட்டிருக்கிறாள்?

அன்று துறைமுகத்தைத் தாண்டி, முயல் தீவு வலப்பக்கம் பச்சையாகக் கிடந்து பின்னால் போனது. அன்றைக்கு நோரீன் எனக்குள் இருந்தாள். இன்றைக்கு நான் நோரீனுக்குள் இருந்தேன். சிலுவை கீழே போய்ப் படுத்துவிட்டார். முதல் காவல் என்னுடையது, சக்கரம் என் கையில். திறந்த கடலின் முதல் நீண்ட அலை அடியில் வந்து படகைத் தூக்கி, மெதுவாக இறக்கியது. மேல்தட்டின் முனையில் நின்று கண் நிறையக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார் பெர்க்மான்ஸ். இரண்டாவது அலை வந்தது. மூன்றாவது அலைக்கு அவர் கம்பியைப் பிடித்தார். நாலாவது அலைக்கு, முப்பது வருஷம் கப்பலின் அடிவயிற்றில் அசையாமல் நின்ற சீஃப் இன்ஜினியர், குனிந்து, காலையில் நான் போட்ட இட்லியையெல்லாம் இந்தியப் பெருங்கடலுக்குக் கொடுத்தார்.

ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஊறுகாய் எலுமிச்சை ஒன்றை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். நெற்றி வியர்த்திருந்தது, கண்ணில் தண்ணீர், ஆனாலும் அந்தப் பார்வை கடலை விட்டு அசையவில்லை.

“என்னங்க,” என்றேன், “எத்தனை மாசம்?”